ப்ளெண்டர் ஆட்-ஆனுக்கு வேண்டிய லைப்ரரிய எங்க வைக்கணும்? திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

நான் ப்ளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேருக்கு, 2.8 வெர்ஷன் காலத்துல இருந்து, ஸ்டூடியோ வேலைக்காக சின்ன சின்ன ஆட்-ஆன் (அதோட வசதிய கூட்டற குட்டி ப்ரோக்ராம்) எழுதிட்டு இருக்கேன். அதனாலயோ என்னவோ, தெரிஞ்சவங்க குரூப்ல யாருக்கு "மாட்யூல் நாட் ஃபவுண்ட்" (தேவையான லைப்ரரி கிடைக்கலங்கற எர்ரர்) வந்தாலும் மானிட்டர போன்ல ஃபோட்டோ எடுத்து எனக்குதான் அனுப்புறாங்க. ஒரே பதிலை எத்தனை தடவ டைப் பண்றது, அதான் எல்லாத்தையும் இங்க சேர்த்துட்டேன். கேள்விங்க அவங்க கேட்ட மாதிரியே இருக்கு. தனியா சொல்லாத இடத்துல எல்லாம் 4.2 எல்டிஎஸ் (நீண்ட நாள் சப்போர்ட் உள்ள வெர்ஷன்), அதுக்கு அப்புறம் வந்ததுன்னு எடுத்துக்கோங்க.

அண்ணா, ஆட்-ஆன்னா ஒரு பைதான் ஃபைல் தானே? அதுக்கு எதுக்கு வேற லைப்ரரி?

சின்ன ஆட்-ஆனுக்கு ஒண்ணும் வேண்டாம். ஆப்ஜெக்ட் பேர மாத்துறது, கேமராவ வரிசையா அடுக்குறது எல்லாம் ப்ளெண்டர் குடுக்கற பிபிஒய்ங்கற சொந்த பைதான் மாட்யூல்லயே முடிஞ்சிடும். ஆனா படத்த கிராப் பண்ண பில்லோ வேணும், எக்ஸெல் ஷீட்ல இருந்து ஷாட் லிஸ்ட் படிக்க ஓப்பன்பைஎக்ஸ்எல் வேணும், மார்க்கர் டிராக் பண்ண ஓப்பன்சிவி வேணும். இதெல்லாம் வேற யாரோ எழுதினது, ப்ளெண்டரோட வராது. இதத்தான் டிபென்டென்சின்னு சொல்றோம். எழுதினவர் மெஷின்ல அது ஏற்கனவே இருக்கும், அதனால அவருக்கு ஓடும், உங்களுக்கு ஓடாது.

என் லேப்டாப்ல பைதான் இருக்கு, பில்லோவும் போட்டிருக்கேன், கமாண்ட் லைன்ல நல்லா ஓடுது. ப்ளெண்டர் மட்டும் இல்லவே இல்லைனு சாதிக்குது, ஏன்?

ஏன்னா ப்ளெண்டர் உங்க பைதான எட்டிக்கூட பாக்காது. ப்ளெண்டர் டாட் ஆர்க்ல இறக்கற ப்ளெண்டர் தனக்குன்னு ஒரு முழு பைதான வயித்துக்குள்ள வச்சிருக்கு. விண்டோஸ்ல ப்ரோக்ராம் ஃபைல்ஸ்ல ப்ளெண்டர் ஃபவுண்டேஷன் ஃபோல்டருக்குள்ள போய், அங்க 4.2ன்னு இருக்கற ஃபோல்டருக்குள்ள போனா பைதான்னு ஒண்ணு இருக்கும், அதுதான். நீங்க பில்லோ போட்டது வேற பைதான், இது வேற பைதான். பேர் ஒண்ணா இருக்கறதால சொந்தக்காரங்கன்னு நினைச்சிடாதீங்க.

அது எந்த வெர்ஷன்ங்கறதும் ப்ளெண்டர் முடிவு பண்றதுதான். 2.8ல 3.7 இருந்துச்சு, 2.93ல 3.9, 3.1ல 3.10, 4.1ல 3.11 ஆச்சு. இத ஞாபகம் வச்சிக்கோங்க, கீழ ரெண்டு மூணு இடத்துல தேவைப்படும்.

அப்போ ப்ளெண்டரோட பைதான்லயே நேரா பிப் ஓட்டிட்டா முடிஞ்சுதுல்ல?

பிப்ங்கறது பைதான் லைப்ரரிகள இறக்கிப் போடற டூல், யூட்யூப்ல பாதி வீடியோ இதத்தான் சொல்லுது. உங்க சொந்த மெஷின்ல ஒரு சாயங்காலம் விளையாடிப் பாக்கறதுக்கு ஓகே. ஆனா ஒரு ஆட்-ஆன் மத்தவங்களுக்குப் போகுதுன்னா இது சரிப்படாது. அந்த ஃபோல்டர் வாடகை வீட்டுச் சுவர் மாதிரி, ஆணி அடிக்கற உரிமை நமக்கு இல்ல.

விண்டோஸ்ல ப்ரோக்ராம் ஃபைல்ஸ்ல எழுத அட்மின் பர்மிஷன் வேணும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல இருந்து போட்டிருந்தா அந்த ஃபோல்டர்ல கையே வைக்க முடியாது. லினக்ஸ்ல ஸ்னாப்ல போட்டிருந்தா மொத்தமுமே ரீட் ஒன்லி. மேக்ல ப்ளெண்டர் ஆப்ப சைன் பண்ணி அனுப்பறாங்க, அதுக்குள்ள புதுசா ஃபைல் போட்டா அந்தக் கையெழுத்து செல்லாம போயிடும். இதையெல்லாம் தாண்டி போட்டுட்டீங்கன்னே வைங்க, அடுத்த வெர்ஷன் வந்தா அது வேற ஃபோல்டர், அதுல புது பைதான், நீங்க போட்டது எதுவும் அங்க இருக்காது.

பிப் "சக்சஸ்ஃபுலி இன்ஸ்டால்ட்"னு சொல்லிடுச்சு ப்ரோ, ஆனா அதே எர்ரர்தான் வருது. பேய் கீய் புடிச்சிருச்சா?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது, ஏன்னா நானே இதுல ஒரு முழு நாள் தொலைச்சிருக்கேன். பிப் காட்டின மெசேஜ மேல இருந்து படிங்க. வழக்கமான சைட் பேக்கேஜஸ்ல (லைப்ரரிகள் உக்கார்ற ஃபோல்டர்) எழுத முடியல, அதனால யூசர் இன்ஸ்டலேஷனுக்குப் போறேன்னு முதல்லயே ஒரு வரி சொல்லியிருக்கும், அத யாரும் படிக்கறதில்ல. ப்ரோக்ராம் ஃபைல்ஸ்ல எழுத முடியலன்னதும் பிப் சத்தம் போடாம உங்க ஆப்டேட்டா ரோமிங்ல பைதான்னு ஒரு ஃபோல்டர் போட்டு, அதுக்குள்ள பைதான்311ன்னு ஒண்ணு போட்டு, அங்க லைப்ரரிய எறக்கி வச்சிட்டு சக்சஸ்னு சொல்லிடும். அது பொய்யும் இல்ல, நிஜமாவே இன்ஸ்டால் ஆகியிருக்கு. ஆனா ப்ளெண்டர் திறக்கும்போது அந்த யூசர் ஃபோல்டர பாக்கறதில்ல, வேணும்னேதான் அப்படி வச்சிருக்காங்க.

பாக்க வைக்க ஒரு வழி இருக்கு. பைதான் யூஸ் சிஸ்டம் என்வ்னு ஒரு ஆப்ஷனோட ப்ளெண்டர கமாண்ட் லைன்ல இருந்து திறந்தா யூசர் சைட் பேக்கேஜஸையும் பைதான்பாத்தையும் (லைப்ரரி தேடற கூடுதல் இடங்கள்) எடுத்துக்கும். நான் அத யாருக்கும் சொல்றதில்ல. அந்த ஃபோல்டர் மெஷின்ல இருக்கற மத்த 3.11 பைதானுக்கும் பொதுவானது, வேற ஏதோ ப்ராஜெக்ட்டுக்காக நீங்க எப்பவோ போட்ட குப்பை எல்லாம் ப்ளெண்டருக்குள்ள வந்து உக்காந்துடும், அப்புறம் எது எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாது.

ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுத்தா ஓடிடுது. அப்படியே விட்டுடலாமா?

வேண்டாம். உங்க ஆட்-ஆன வாங்குறவர் ஆஃபீஸ் மெஷின்ல இருப்பார், அட்மின் பாஸ்வேர்ட் ஐடி டிபார்ட்மென்ட்கிட்ட இருக்கும், அவர் டிக்கெட் போட்டு மூணு நாள் காத்திருப்பார். இன்டர்நெட்ல இருந்து வந்த ஸ்க்ரிப்ட அட்மினா ஓட்டுங்கன்னு ஒருத்தர்கிட்ட சொல்றதே கெட்ட பழக்கம்.

ஸ்க்ரிப்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள மாட்யூல்ஸ்னு ஒண்ணு இருக்கே, அது இதுக்குத்தானே?

கிட்டத்தட்ட. யூசர் ஃபோல்டர்ல ஸ்க்ரிப்ட்ஸ், அதுக்குள்ள மாட்யூல்ஸ், அங்க போட்டத ப்ளெண்டர் தானா தேடிப் பாக்கும், அட்மினும் வேண்டாம். நீங்க ஒரே ஆளு, உங்க மெஷின் மட்டும்னா பிப்ல டார்கெட் ஆப்ஷன் குடுத்து அங்க இறக்கறது தப்பே இல்ல, நானும் டெஸ்ட்டுக்கு அப்படித்தான் பண்றேன்.

ஆனா ஒரு ஆட்-ஆன் தானா போய் அங்க எழுதக்கூடாது. அது பொது இடம். உங்க ஆட்-ஆன தூக்கினாலும் லைப்ரரி அங்கயே கெடக்கும், யாரு போட்டாங்கன்னு எழுதியும் இருக்காது. இன்னொரு சிக்கலும் இருக்கு. புது வெர்ஷன் முதல் தடவ திறக்கும்போது பழைய செட்டிங்ஸ எடுத்துக்கவான்னு கேக்கும்ல, அப்ப இந்த ஃபோல்டரும் சேர்ந்து காப்பி ஆகும். 4.0ல இருந்து 4.1 போனப்ப பைதான் 3.10ல இருந்து 3.11க்கு மாறிச்சு, 3.10க்கு கம்பைல் பண்ண லைப்ரரி எல்லாம் கூடவே வந்து அங்க செத்துக் கெடந்துச்சு.

சரி, அப்ப சரியான இடம் எதுதான்? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

ஆட்-ஆனோட ஜிப்புக்குள்ளயே, வீல் ஃபைலா (பைதான் லைப்ரரிய பேக் பண்ணி வைக்கற ஃபைல்). பயணம் போகும்போது கட்டுசாதம் கட்டிட்டுப் போற மாதிரி, போற இடத்துல ஹோட்டல் இருக்குமான்னு கவலையே வேண்டாம்.

2024 ஜூலைல வந்த 4.2ல எக்ஸ்டென்ஷன்ஸ்னு புது முறை கொண்டு வந்தாங்க. ஆட்-ஆனுக்கு ஒரு மேனிஃபெஸ்ட் டாமல் ஃபைல் (ஆட்-ஆன் பத்தின விவரம் எழுதற டெக்ஸ்ட் ஃபைல்) இருக்கும், அதுல வீல்ஸ்னு ஒரு லிஸ்ட், அதுல உங்க வீல் ஃபைல்களோட பாத்த (எந்த ஃபோல்டர்ல இருக்குங்கறத) வரிசையா எழுதணும். யூசர் இன்ஸ்டால் பண்ணி ஆன் பண்ணதும் ப்ளெண்டரே அந்த வீல்கள பிரிச்சு, யூசரோட எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டருக்குள்ள டாட் லோக்கல்னு மறைஞ்சிருக்கற ஒரு ஃபோல்டர்ல, (4.2ல) பைதான்3.11 சைட் பேக்கேஜஸ்ல போட்டுக்கும். ஆட்-ஆன நீக்கினா, வேற யாரும் அந்த லைப்ரரிய கேக்கலன்னா, அதையும் ப்ளெண்டரே தூக்கிடும். இன்டர்நெட் வேண்டாம், அட்மின் வேண்டாம், உங்க கோடுல பாத்த மாத்துற வேலையும் வேண்டாம், சும்மா இம்போர்ட் பண்ணா போதும்.

டாட் லோக்கலுக்குள்ள நீங்க கையால எதையும் போடாதீங்க. அது ப்ளெண்டர் கணக்கு வச்சுப் பாத்துக்கற இடம்.

வீல்னா என்ன, அந்த ஃபைல் பேரு ஏன் கூட்ஸ் வண்டி மாதிரி அவ்ளோ நீளம்?

வீல்ங்கறது ஒரு ஜிப் ஃபைல்தான், எக்ஸ்டென்ஷன் பேரு மட்டும் வேற. அந்த நீளமான பேர்லதான் எல்லா விஷயமும் இருக்கு: முதல்ல லைப்ரரி பேரு, அப்புறம் வெர்ஷன், அப்புறம் எந்த பைதான், எந்த ஏபிஐ (கம்பைல் பண்ண கோடு பைதானோட ஒட்டற முறை), எந்த ஓஎஸ். சிபி311, வின், ஏஎம்டி64 அப்படின்னு இருந்தா பைதான் 3.11க்கு, 64 பிட் விண்டோஸுக்கு கம்பைல் பண்ணதுன்னு அர்த்தம். பை3, நன், எனி அப்படின்னு முடிஞ்சா வெறும் பைதான் கோடு, எந்த மெஷின்லயும் ஓடும், உங்களுக்கு அதிர்ஷ்டம். ஏபிஐ3ன்னு இருந்தா கம்பைல் பண்ணதுதான், ஆனா அதுல போட்டிருக்கற பைதான் வெர்ஷனுக்கு அப்புறம் வர்ற 3 வரிசைலயும் ஓடும்.

பேர அழகா சுருக்கி ரீநேம் பண்ணி அனுப்பின ஒரு தம்பி இருக்கான். அப்படிப் பண்ணா இன்ஸ்டால் பண்றவன் எத வச்சு முடிவு பண்ணுவான், பேர தொடாதீங்க.

நான் விண்டோஸ்ல இருக்கேன், என்கிட்ட மேக் இல்ல. மேக் காரங்களுக்கு வீல் எங்க போய் எடுக்கறது?

மேக் வேண்டாம். பிப் டவுன்லோட்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதுல ப்ளாட்ஃபார்ம்னு ஒரு ஆப்ஷன், பைதான் வெர்ஷன்னு ஒரு ஆப்ஷன், கூடவே பைனரி மட்டும் வேணும்னு சொல்ற ஆப்ஷனும் குடுக்கணும், இல்லன்னா பிப் ஒத்துக்காது. பைதான் வெர்ஷன் 4.2க்கு 3.11, ப்ளாட்ஃபார்ம் ஒரு தடவ விண்டோஸ், ஒரு தடவ மேக் ஏஆர்எம்64, ஒரு தடவ மெனிலினக்ஸ் 2.28 எக்ஸ்86 64ன்னு மாத்தி மாத்தி ஓட்டி எல்லாத்தையும் வீல்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல சேர்த்துக்கோங்க.

மூணு ஓஎஸ் வீலையும் ஒரே ஜிப்ல போட்டா சைஸ் வீங்கிடும். ப்ளெண்டரோட எக்ஸ்டென்ஷன் பில்ட் கமாண்ட்ல ஸ்ப்ளிட் ப்ளாட்ஃபார்ம்ஸ்னு குடுத்தா ஓஎஸ்ஸுக்கு ஒரு ஜிப்பா தனித்தனியா பிரிச்சுக் குடுத்துடும், அதது தன்னோட வீல மட்டும் தூக்கிக்கும்.

ஒரு வீல் போட்டேன், அது இன்னொண்ணக் கேக்குது, அதப் போட்டா அது வேற ஒண்ணக் கேக்குது. இது எங்க போய் முடியும்?

பிப் ஓட்டும்போது இதெல்லாம் அதுவே பாத்துக்கும், அதனால நமக்குத் தெரியறதில்ல. ப்ளெண்டர் அந்த வேலையச் செய்யாது, மேனிஃபெஸ்ட்ல நீங்க எழுதினது மட்டும்தான் உள்ள போகும். முன்னாடி சொன்ன பிப் டவுன்லோட் கமாண்ட் சார்ந்திருக்கற லைப்ரரியையும் சேர்த்தேதான் இறக்கும், அதனால அந்த ஃபோல்டர்ல வந்த எல்லா ஃபைலையும் லிஸ்ட்ல எழுதிடுங்க, அடுத்த கேள்வில சொல்ற ஒண்ணு ரெண்டத் தவிர.

நம்பையையும் பேக் பண்ணணுமா?

கூடாது. ப்ளெண்டரோட நம்பை (எண் கணக்கு லைப்ரரி) ஏற்கனவே வருது, ரிக்வெஸ்ட்ஸும் (நெட்ல பேசற லைப்ரரி) வருது, அதுக்குத் துணையா சர்டிஃபை, யூஆர்எல்லிப்3 எல்லாம் வருது. பிப் டவுன்லோட் அதையும் சேர்த்து இறக்கியிருக்கும், அந்த வீல்கள தூக்கிப் போட்டுடுங்க.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, ஒரு தடவ டெலிவரிக்கு முந்தின ராத்திரி ஒரு ஆட்-ஆன் தன் வசதிக்கு நம்பைய புது வெர்ஷனுக்கு ஏத்தி வச்சிருச்சு, காலைல ஜிஎல்டிஎஃப்ல (ஒரு 3டி ஃபைல் வகை) எக்ஸ்போர்ட் பண்ணப் போனா எக்ஸ்போர்ட்டரே எழுந்திரிக்கல. ஜிஎல்டிஎஃப் எக்ஸ்போர்ட்டரும் ஒரு பைதான் ஆட்-ஆன்தான், அதுவும் நம்பைய நம்பித்தான் இருக்கு. 2024 ஜூன்ல நம்பை 2.0 வந்தப்ப பைனரி அளவுலயே உடைப்பு, 1 வரிசைக்கு கம்பைல் பண்ண லைப்ரரி 2ல ஓடாதுன்னு அதுவே எர்ரர் சொல்லும். ப்ளெண்டர் எந்த நம்பையோட வருதோ அதோட ஒத்துப்போற லைப்ரரி வெர்ஷன நீங்க தேடிப் பிடிக்கணும், நம்பைய உங்க பக்கம் இழுக்கக் கூடாது.

என் ஆட்-ஆன் பில்லோ 9 கேக்குது, இன்னொருத்தர் ஆட்-ஆன் பில்லோ 10 கேக்குது. ரெண்டும் ஒரே ப்ளெண்டர்ல இருந்தா என்ன ஆகும்?

பிரச்சினையோட ஆணிவேர் இதுதான், எங்க வைக்கணும்ங்கற மத்த சண்டை எல்லாம் இதுக்கு அப்புறம்தான். ப்ளெண்டர் ஓடும்போது அது ஒரே ப்ராசஸ், அதுக்குள்ள ஒரே பைதான், அந்தப் பைதான்ல ஒரு பேருக்கு ஒரு மாட்யூல்தான். முதல்ல யாரு பில்லோவ இம்போர்ட் பண்றாங்களோ அவங்களோட பில்லோ நினைவுல உக்காந்துடும், ரெண்டாவது ஆள் இம்போர்ட்னு சொன்னா பைதான் திரும்ப டிஸ்க்குக்கே போகாது, ஏற்கனவே இருக்கறதத்தான் எடுத்து நீட்டும். நீங்க தனி ஃபோல்டர் போட்டாலும், பாத்துல முதல் இடத்துல உங்களோடத செருகினாலும் இத மாத்த முடியாது. செருகினா உங்களுக்கு ஓடும், பக்கத்து ஆட்-ஆன் சாகும், அதுவும் எது முதல்ல ஆன் ஆச்சுங்கறதப் பொறுத்து ஒரு நாள் ஓடி ஒரு நாள் ஓடாது.

வீல் முறையில குறைஞ்சபட்சம் ஒரு ஒழுங்கு இருக்கு. ஒரே லைப்ரரி ரெண்டு வெர்ஷன்ல வந்தா புதுச மட்டும் போட்டுக்கும். அதனால உங்க கோட ரொம்பப் பழைய வெர்ஷன நம்பி எழுதாதீங்க, புதுசு வந்தாலும் ஓடற மாதிரி எழுதுங்க. ஒரு ஃபங்ஷனுக்காக ஒரு லைப்ரரியவே இழுத்துட்டு வர்றீங்களான்னும் யோசிங்க. பத்து வரில நீங்களே எழுதிடக்கூடியதுக்கு எட்டு வீல் கட்டிட்டு வந்தவங்கள எல்லாம் பாத்திருக்கேன்.

வெண்டரிங்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுல இந்தச் சண்டை வராதாமே?

வராது, ஆனா எல்லாத்துக்கும் செட் ஆகாது. வெண்டரிங்னா லைப்ரரியோட சோர்ஸ உங்க ஆட்-ஆனுக்குள்ள ஒரு துணை ஃபோல்டரா காப்பி பண்ணி, அத பொதுப்பேர்ல கூப்பிடாம உங்க பேக்கேஜ் வழியா ரிலேட்டிவ் இம்போர்ட்ல கூப்பிடறது. அப்ப அதோட முழுப்பேரு உங்க ஆட்-ஆன் பேர்ல ஆரம்பிக்கும், அதனால பக்கத்து ஆட்-ஆனோட மோதாது. பிப்பே தனக்குள்ள இப்படித்தான் ரிக்வெஸ்ட்ஸ மாதிரி லைப்ரரிகள ஒரு வெண்டர் ஃபோல்டர்ல வச்சிருக்கு.

சிக்கல் என்னன்னா அந்த லைப்ரரி தனக்குள்ளயே தன் பேரச் சொல்லி இம்போர்ட் பண்ணிட்டு இருக்கும், அதையெல்லாம் நீங்க திருத்தணும். சின்ன, ஒண்ணு ரெண்டு ஃபைல் இருக்கற சுத்த பைதான் லைப்ரரினா அஞ்சு நிமிஷம். பில்லோ, ஓப்பன்சிவி மாதிரி கம்பைல் ஆனதுன்னா கைய வைக்காதீங்க. லைசென்ஸ் ஃபைலையும் சேர்த்து காப்பி பண்ணுங்க, அத நிறைய பேர் விட்டுடறாங்க.

ஆட்-ஆன் ஆன் பண்ணும்போதே கோடுல இருந்து பிப்ப ஓட்டி இறக்கிட்டா ஜிப்பும் சின்னதா இருக்கும்ல?

இருக்கும், நானும் 2.9 காலத்துல இதத்தான் பண்ணேன், அப்ப வேற வழியும் இல்ல. இப்ப பண்ணாதீங்க. இறங்கி முடியறவரைக்கும் ப்ளெண்டர் உறைஞ்சு நிக்கும், யூசர் ஹேங்னு நினைச்சு டாஸ்க் மேனேஜர்ல கொன்னுடுவார், பாதி இறங்கின லைப்ரரி அப்படியே கெடக்கும். பிப் எங்க போய் எழுதும்ங்கறது உங்க கையில இல்ல, மேல "பேய்" கேள்வில சொன்ன கதைதான். நிறைய ஸ்டூடியோல ரெண்டர் மெஷினுக்கு இன்டர்நெட்டே கிடையாது.

4.2ல இருந்து ஆன்லைன் ஆக்சஸ்னு ஒரு செட்டிங்கும் இருக்கு, யூசர் அத ஆஃப்ல வச்சிருந்தா ஆட்-ஆன் நெட்டுக்குப் போகக்கூடாது. போகணும்னா மேனிஃபெஸ்ட்ல நெட்வொர்க் பர்மிஷன் கேட்டு எதுக்குன்னு காரணமும் எழுதணும். ப்ளெண்டரோட அதிகாரப்பூர்வ எக்ஸ்டென்ஷன்ஸ் தளத்துல வைக்கணும்னா ஆட்-ஆன் தனக்கு வேண்டியத தானே கொண்டு வரணும்.

டார்ச் மாதிரி ஜிபி கணக்குல இருக்கறத எப்படி ஜிப்புல வைக்கறது? கட்டுசாதம்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க.

ஆமா, டார்ச் ஒரு ஏஐ லைப்ரரி, அது கட்டுசாதம் இல்ல, கல்யாணச் சாப்பாடு. அத ப்ளெண்டருக்குள்ளயே கொண்டு வராதீங்க. யூசர் ஒப்புதலோட தனியா ஒரு விர்ச்சுவல் என்வைரன்மென்ட் (தனக்குன்னு லைப்ரரி வச்சிருக்கற தனி பைதான் ஃபோல்டர்) உருவாக்கி, டார்ச்ச அதுல போட்டு, வேற ஒரு ப்ராசஸா ஓட்டுங்க. ஆட்-ஆன் வேலைய ஒரு ஃபைல் வழியாவோ லோக்கல் சாக்கெட் வழியாவோ குடுத்து ரிசல்ட்ட வாங்கிக்கட்டும்.

வேற ப்ராசஸ்ங்கறதால ஒரு பேருக்கு ஒரு மாட்யூல்ங்கற தொல்லை இல்ல, பைதான் வெர்ஷன் கூட வேறயா இருக்கலாம், நம்பை எதுவா இருந்தாலும் கவலை இல்ல, மெமரி தீர்ந்து அது செத்தாலும் ப்ளெண்டர்ல சேவ் பண்ணாத சீன் தப்பிச்சுடும். கொஞ்சம் கோடு கூட எழுதணும், அவ்ளோதான் விலை.

மாடல் ஃபைல், கேஷ் எல்லாம் ஆட்-ஆன் ஃபோல்டர்லயே சேவ் பண்ணேன். அப்டேட் பண்ணதும் எல்லாம் போச்சு!

போகும். அப்டேட்னா பழைய ஃபோல்டர தூக்கிட்டு புதுச வைக்கறதுதான். பிபிஒய் யூட்டில்ஸ்ல எக்ஸ்டென்ஷன் பாத் யூசர்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அது உங்க ஆட்-ஆனுக்குன்னு எழுதறதுக்கு ஒரு இடம் குடுக்கும், அது அப்டேட்ல அழியாது. போன கேள்வில சொன்ன என்வைரன்மென்ட்டையும் அங்கயே வைக்கலாம்.

உபுண்டுல ஆப்ட் வழியா ப்ளெண்டர் போட்டேன். பிப் ஓட்டினா "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்"னு திட்டுது.

நீங்க போட்டது வேற ரகம். டிஸ்ட்ரோ குடுக்கற ப்ளெண்டர் தனி பைதான் வச்சிக்கறதில்ல, சிஸ்டம் பைதானையே பயன்படுத்தும், அதனால ரெண்டாவது கேள்விக்கு சொன்ன பதில் உங்களுக்குப் பொருந்தாது. டெபியன் 12, உபுண்டு 23.04ல இருந்து பெப் 668ங்கற பைதான் விதிமுறைப்படி சிஸ்டம் பைதான்ல பிப்ப விடமாட்டாங்க, ஓஎஸ்ஸே அத நம்பி ஓடுது. பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, பேர்லயே எச்சரிக்கை இருக்கு பாருங்க. ப்ளெண்டர் டாட் ஆர்க்ல இருந்து டார் ஃபைல இறக்கி ஹோம் ஃபோல்டர்ல பிரிச்சு ஓட்டுங்க, பாதி தலைவலி போயிடும்.

ஆட்-ஆன அப்டேட் பண்ணா "ஆக்சஸ் டினைட்" வருது, விண்டோஸ் 11.

லைப்ரரில இருக்கற பிஒய்டி, டிஎல்எல்ங்கற கம்பைல் ஆன ஃபைல் ஒரு தடவ லோட் ஆயிட்டா ப்ளெண்டர் மூடற வரைக்கும் விண்டோஸ் அத அழிக்க விடாது. ஆட்-ஆன ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது. ப்ளெண்டர மூடித் திறந்து, அந்த ஆட்-ஆன எதுவும் பண்ணாம முதல் வேலையா அப்டேட் பண்ணுங்க.

கிளையன்ட் இன்னும் 3.6ல தான் இருக்காங்க. வீல் முறை அங்க இல்லையே?

இல்ல. 3.6ல பைதான் 3.10, எக்ஸ்டென்ஷன்ஸும் கிடையாது. அங்க நான் பண்றது இதுதான்: 3.10க்கான வீல்கள ஜிப்புலயே வச்சிருப்பேன், யூசர் ப்ரிஃபரன்ஸ்ல ஒரு பட்டன் அமுக்கினா பிப் நெட்டுக்குப் போகாம அந்த ஃபோல்டர்ல இருந்தே எடுத்து, டார்கெட் ஆப்ஷனோட, யூசர் ஃபோல்டர்ல என் ஆட்-ஆன் பேர்ல ஒரு இடத்துல போடும். ஃபோல்டர் பேர்ல பைதான் வெர்ஷனையும் சேர்த்து வைப்பேன், நாளைக்கு 3.11 வந்தா பழசோட கலக்காம இருக்க. அப்புறம் சிஸ் பாத்தோட (பைதான் லைப்ரரி தேடற இடங்களோட லிஸ்ட்) கடைசில அத சேர்க்கறேன். முதல்ல சேர்த்தா என்ன ஆகும்னு பில்லோ கேள்வில சொல்லிட்டேன்.

ஸ்டூடியோல 30 மெஷின், ஒவ்வொண்ணுலயும் போய் கையால போடணுமா?

வேண்டாம். ப்ளெண்டர்ல எக்ஸ்டென்ஷன் சர்வர் ஜெனரேட்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஜிப்புகள் இருக்கற ஃபோல்டர காட்டினா ஒரு இண்டெக்ஸ் ஜேசன் ஃபைல் எழுதிக் குடுக்கும். அந்த ஃபோல்டர உள்ள இருக்கற ஏதாவது ஒரு சாதாரண வெப் சர்வர்ல வச்சு, எல்லா மெஷின்லயும் அத ஒரு ரிமோட் ரெப்போவா சேர்த்துட்டா அப்டேட் தானா தெரியும். இல்லன்னா ப்ளெண்டர் சிஸ்டம் எக்ஸ்டென்ஷன்ஸ்னு ஒரு என்வைரன்மென்ட் வேரியபிள் இருக்கு, அத நெட்வொர்க் ஃபோல்டருக்குத் திருப்பலாம்.

ஒண்ணே ஒண்ணு, விண்டோஸும் லினக்ஸும் கலந்திருக்கற இடத்துல பிரிச்சு வச்ச லைப்ரரி ஃபோல்டர ரெண்டுக்கும் பொதுவா ஷேர் பண்ணாதீங்க, கம்பைல் ஆனது ஒரு பக்கம்தான் ஓடும்.

ரெண்டு ஆட்-ஆனும் சிவி2 தான் இம்போர்ட் பண்ணுது, வெர்ஷன் நம்பரும் ஒண்ணுதான், ஆனாலும் ஒண்ணு உடையுது. எப்படி?

சிவி2ங்கறது ஓப்பன்சிவிய இம்போர்ட் பண்ற பேரு. ஒருத்தர் ஓப்பன்சிவி பைதான்ங்கற பேக்கேஜ வச்சிருப்பார், இன்னொருத்தர் ஓப்பன்சிவி பைதான் ஹெட்லெஸ்ங்கறத (ஜன்னல் காட்டற பகுதி இல்லாதது) வச்சிருப்பார். பேக்கேஜ் பேரு வேற, ஆனா ரெண்டும் பிரிஞ்சு உக்கார்ற இடம் அதே சிவி2 ஃபோல்டர். பேரு வேறங்கறதால வெர்ஷன் ஒப்பிடற கணக்குல இது மாட்டாது, ஒண்ணு மேல ஒண்ணு எழுதிடும். ப்ளெண்டருக்குள்ள ஓப்பன்சிவியோட ஜன்னல் நமக்கு எதுக்கு, எல்லாரும் ஹெட்லெஸ்ஸையே எடுத்துக்கோங்க. இன்னொரு ஆட்-ஆன் எழுதினவருக்கும் ஒரு மெசேஜ் போடுங்க, பெரும்பாலும் மாத்திடுவாங்க.

வேர்ட்பிரஸ் ப்ளக்இன் எழுதறேன், அங்கயும் இதே ரூல்தானா?

ஊர் வேற, தொல்லை அதே. வேர்ட்பிரஸ் எழுதின மொழியான பிஎச்பிலயும் ஒரு ரிக்வெஸ்ட்டுக்குள்ள ஒரு பேர்ல ஒரு கிளாஸ்தான் இருக்க முடியும், ரெண்டு ப்ளக்இன் ஒரே லைப்ரரிய வேற வேற வெர்ஷன்ல கம்போசர் (பிஎச்பியோட பிப் மாதிரி) வழியா கொண்டு வந்தா முதல்ல லோட் ஆனதுதான் ஜெயிக்கும். அங்க பிஎச்பி ஸ்கோப்பர் மாதிரி ஒரு டூல வச்சு நேம்ஸ்பேஸுக்கு முன்னாடி உங்க பேரச் சேர்த்துடுவாங்க, மேல சொன்ன வெண்டரிங் மாதிரியேதான், ஆனா மெஷினே திருத்திக் குடுக்கும். இன்னொரு ப்ளக்இன் வேணும்னா வேர்ட்பிரஸ் 6.5ல இருந்து ரிக்வயர்ஸ் ப்ளக்இன்ஸ்னு ஹெட்டர்ல எழுதலாம். ப்ளெண்டர் மேனிஃபெஸ்ட்ல அந்த வசதி வந்தா நல்லா இருக்கும், 4.2ல ஒரு எக்ஸ்டென்ஷன் இன்னொண்ண கேக்க வழி இல்ல.

எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் பண்ணேன், இன்னும் ஏதோ பழைய காப்பிதான் ஓடுதுன்னு சந்தேகம். எப்படிக் கண்டுபிடிக்கறது?

ப்ளெண்டர்ல பைதான் கன்சோல திறந்து அந்த லைப்ரரிய இம்போர்ட் பண்ணி, அதோட டண்டர் ஃபைல (முன்னும் பின்னும் ரெண்டு ரெண்டு அண்டர்ஸ்கோர் போட்டு ஃபைல்னு எழுதறது) பிரிண்ட் பண்ணுங்க. எந்த ஃபோல்டர்ல இருந்து வந்துச்சுன்னு முழு பாத்தும் வரும். டாட் லோக்கல்னு இருந்தா சரியா இருக்கு. ஸ்க்ரிப்ட்ஸ் மாட்யூல்ஸ்னு இருந்தா எப்பவோ நீங்க கையால போட்டது, அழிச்சிடுங்க. ப்ரோக்ராம் ஃபைல்ஸ்னு இருந்து அது நம்பையோ ரிக்வெஸ்ட்ஸோ இல்லன்னா யாரோ அட்மினா ஓட்டியிருக்காங்க. வேற ஒரு ஆட்-ஆன் பேரு அந்தப் பாத்துல இருந்தா, அவங்கதான் சிஸ் பாத்துல முன்னாடி செருகினவங்க.

எனக்கு அனுப்பறதா இருந்தா அந்த ஒரு வரிய டெக்ஸ்ட்டா காப்பி பண்ணி, கூடவே ப்ளெண்டர் வெர்ஷனும் போட்டு அனுப்புங்க. மானிட்டர ஃபோட்டோ எடுத்து அனுப்பாதீங்க, அதுல பாதி நேரம் உங்க ஃபேன் நிழல்தான் தெரியுது.